பின்தங்கும் இழைக்கு ஒரு வக்காலத்து

ஏ.எல். உயிரியலில் டி.என்.ஏ. தன்னைப் பிரதி எடுக்கும் பாடத்தின் முதற்பாதி பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். இரண்டு இழை, நான்கு எழுத்து. ஏ-க்கு எதிரே ரி, ஜி-க்கு எதிரே சி. பிரித்துவிட்டால் ஒவ்வொரு இழையும் தனக்கொரு புதுச் சோடியைக் கட்டிக்கொள்ளும். படமும் அழகு, தர்க்கமும் அழகு. இரண்டாம் பாதியில்தான் முகம் கோணும். ஒரு இழையில் நொதியம் நேராக ஓடும், மற்றதில் எதிர்ப்பக்கம் பார்த்துத் துண்டு துண்டாகக் கட்டிப் பிறகு ஒட்டும் என்று பலகையில் அம்புக்குறி போடத் தொடங்கியதும் கொட்டில் முழுக்கப் பெருமூச்சு. பின்தங்கும் இழை, ஒகசாகித் துண்டு, பிரைமர், லிகேஸ் என்று பெயர்களை வரிசையாகப் பாடமாக்கிச் சோதனையில் கொட்டிவிட்டு, மண்டபத்து வாசலிலேயே மறந்துவிடுவார்கள்.

திருகோணமலை உவர்மலையில் நான் எடுக்கிற வகுப்பில் திருக்கடலூர்ப் பெடியன் ஒருவன் இருக்கிறான். விடியவெள்ளன தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வருகிறவன். பின்வாங்கில் இருந்து அரைத்தூக்கம் போடுவான், ஆனால் கேட்டால் கேள்வி கேள்வியாக இருக்கும். போன மாதம் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மிஸ், ஒரு பக்கம் நேரா ஓடுது. மற்றப் பக்கம் ஏன் இப்பிடி வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டு கிடக்குது? அந்தப் பக்கம் ஓடுற மாதிரி இன்னொரு நொதியம் இருந்தா வேலை முடிஞ்சுதே?”

புள்ளித்திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பெயரைக் கேட்பார்கள், திசையைக் கேட்பார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு ‘ஏன்’-இல்தான் தொங்குகிறது. வகுப்பில் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை, கரண்டும் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் திசை. டி.என்.ஏ. இழை ஒவ்வொன்றும் வெல்லமும் பொஸ்பேற்றும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. வெல்லத்தின் ஐந்தாவது காபனில் ஒரு பொஸ்பேற்றுத் தொங்கும், மூன்றாவது காபனில் ஓர் ஐதரொட்சில் இருக்கும். ஆகவே சங்கிலியின் ஒரு நுனி ஐந்து பிரைம் முனை, மற்ற நுனி மூன்று பிரைம் முனை. இரட்டைச் சுருளில் இரண்டு இழையும் ஒன்றுக்கொன்று தலைமாறிக் கிடக்கின்றன. 1953 ஏப்ரலில் நேச்சர் இதழில் வாட்சனும் கிரிக்கும் எழுதிய அந்தச் சின்னக் கட்டுரையிலேயே இது இருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ் கதிர் அளவீடுகளில் தெரிந்த சமச்சீர்தான் இழைகள் தலைமாறிக் கிடக்கவேண்டும் என்று கிரிக்குக்குக் காட்டிக்கொடுத்தது. அதே கட்டுரையின் கடைசியில், இந்தச் சோடி சேர்கிற முறையைப் பார்த்தால் பிரதி எடுக்கும் வழியும் தெரிகிறது என்று ஒற்றை வசனத்தில் சாடை காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சாடை காட்டுவது சுலபம். எதிரெதிர்த் திசையில் கிடக்கிற இரண்டு இழையையும் ஒரே நேரத்தில் எப்படிப் பிரதி எடுப்பது என்ற தலையிடி பின்னால் வந்தவர்களுக்கு.

புதிய மூலக்கூறில் பழையது ஓரிழை, புதியது ஓரிழை என்று மெசல்சனும் ஸ்டாலும் 1958 இல் காட்டிய பாரநைதரசன் பரிசோதனையை எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே எழுதுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இழைகளைப் பிரிப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம். எந்தக் குறிப்பைத் திறந்தாலும் ‘ஸிப்பைத் திறப்பது போல’ என்று இருக்கிறது. எனக்கு அந்த உவமை பிடிக்காது. ஸிப் முறுக்கிக் கிடப்பதில்லை, டி.என்.ஏ. முறுக்கிக் கிடக்கிறது. பெடியனிடம் சொல்லி அடுத்த கிழமை ஒரு பாக நீளத்துக்கு நைலோன் கயிறு கொண்டுவரச் செய்தேன். படகு கட்டுகிற பழைய கயிறு, உப்புப் பூத்து, ஒரு நுனி உருக்கி அடைத்திருந்தது. ஒரு பக்கத்தை யன்னல் கம்பியில் கட்டி, மறுபக்கத்தை ஒருவன் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நடுவில் இரண்டு பேர் புரிகளைப் பிடித்துப் பிரித்தார்கள். ஒரு சாண் பிரியும்வரை ஒன்றுமில்லை. அதற்குமேல் பிரிக்கப் பிரிக்க, பிரியாத பக்கத்தில் முறுக்கு ஏறிக்கொண்டே போனது. பிறகு கயிறு தானாகவே எழும்பித் தன்மேல் தானே சுற்றிக்கொண்டது. இரண்டு பேரும் என்னதான் இழுத்தும் இன்னொரு விரற்கடை பிரியவில்லை. பிடித்திருந்தவன் கையை விட்டதும் நுனி கிறுகிறுவென்று சுழன்று எல்லாம் தளர்ந்தது. கயிற்றுக்கு மூன்று புரி, டி.என்.ஏ.-க்கு இரண்டு இழை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கலத்துக்குள் நுனியை விட்டுச் சுழலவிட வழியில்லை. ஈ. கோலைப் பற்றீரியாவின் டி.என்.ஏ. வளையம், அதற்கு நுனியே கிடையாது. எங்கள் நிறமூர்த்தங்களுக்கு நுனி இருந்தாலும், அது கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால், புரதங்களில் சுற்றி இறுக்கிக் கிடக்கிறது. சுருளில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்தரைச் சோடி. ஈ. கோலையில் பிரதி எடுக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்து. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு விநாடியும் 95 சுற்று முறுக்கை எங்காவது தீர்க்கவேண்டும். தீர்ப்பது ரோப்போஐசோமரேஸ் என்ற நொதியக் குடும்பம். 1971 இல் ஜேம்ஸ் வாங் முதலில் கண்டது. இவை இழையை வெட்டும், முறுக்கைக் கழியவிடும், வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டும். சிறுநீர்த் தொற்றுக்குப் பாமசியில் வாங்குகிற சிப்ரோஃப்ளொக்சசின் மாத்திரை செய்கிற வேலை இந்த இடத்தில்தான். பற்றீரியாவின் நொதியம் இழையை வெட்டியதும், ஒட்டவிடாமல் அப்படியே பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ. முறிந்த நிலையிலேயே நிற்க, பற்றீரியா செத்துப்போகும். சோதனைக்கு வராது, ஆனால் தெரிந்திருக்கவேண்டும்.

சரி, பெடியனின் கேள்விக்கு வருகிறேன்.

பிரதி எடுக்கும் நொதியத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஆதர் கோர்ன்பேர்க். 1956 இல் ஈ. கோலையில் இருந்து எடுத்தார், 1959 இல் செவேரோ ஒச்சோவாவோடு நோபல் பரிசு. அந்த நொதியத்துக்கு, டி.என்.ஏ. பொலிமரேசுக்கு, இரண்டு பிடிவாதம். ஒன்று, ஏற்கெனவே இருக்கிற இழையின் மூன்று பிரைம் முனையில்தான் புது எழுத்தை ஒட்டும், மறுமுனையில் ஒட்டவே ஒட்டாது. இரண்டு, வெறும் இடத்தில் தானாகத் தொடங்காது, தொடங்க ஒரு சின்னத் துண்டு முன்கூட்டியே இருக்கவேண்டும், அதுதான் பிரைமர்.

ஒரு கதை இடையில். 1969 இல் ஜோன் கெய்ண்சும் போலா டி லூசியாவும் கோர்ன்பேர்க்கின் நொதியம் வேலை செய்யாத ஒரு ஈ. கோலை விகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அது பாட்டுக்கு உயிரோடு பெருகிக்கொண்டிருந்தது! அப்போ பிரதி எடுப்பது வேறு யாரோ. கோர்ன்பேர்க்கின் நொதியம் உண்மையானதே இல்லை என்று சிலர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். செலோ வாசிக்கப் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் தோமஸ், தகப்பனின் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி ஆய்வுகூடத்துக்குள் இறங்கி, அதே பற்றீரியாவில் இருந்து இன்னும் இரண்டு பொலிமரேசுகளை எடுத்தார். தகப்பனுடையதோடு சேர்த்து எண்ணினால் மூன்றாவதுதான் உண்மையான வேலையாள். தகப்பன் கண்டது பழுது பார்க்கிறவன். இன்னொரு மகன் ரொஜர் 2006 இல் தன் பங்குக்குத் தனியாக ஒரு நோபல் வாங்கினார். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தகப்பன் கண்டதானாலும் மகன் கண்டதானாலும் எல்லாப் பொலிமரேசுக்கும் அதே பிடிவாதம். ஐந்து பிரைமில் தொடங்கி மூன்று பிரைமை நோக்கித்தான் கட்டும். ஆனால் கெய்ண்ஸ் 1963 இல் எடுத்த படங்களைப் பார்த்தால் இரண்டு இழையும், அவை பிரிகிற ஒரே கவட்டில், ஒரே நேரத்தில் பிரதியாகிற மாதிரித் தெரிந்தது. அப்படியானால் எதிர்த்திசையில் கட்டுகிற இன்னொரு பொலிமரேஸ் எங்கேயோ இருக்கவேண்டும் என்று பலர் தேடினார்கள். பின்வாங்கில் இருக்கிற பெடியன் கேட்ட அதே கேள்வி. தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. டி.என்.ஏ.-யை அப்படித் தலைகீழாகக் கட்டுகிற பொலிமரேஸ் இன்றுவரை எந்த உயிரியிலும் காணப்படவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த கணவனும் மனைவியும், ரெய்ஜி ஒகசாகியும் சுனெகோ ஒகசாகியும். அவர்கள் யோசனை இதுதான்: ஓரிழை துண்டு துண்டாகக் கட்டப்படுகிறது என்றால், கட்டி முடித்து ஒட்டுவதற்கு முந்திய அந்தக் கணத்தில் துண்டுகளைப் பிடிக்கவேண்டும். ஈ. கோலையைக் குளிரவைத்து வேகத்தைக் குறைத்தார்கள். ரி எழுத்தைக் கட்ட உதவும் தைமிடினைக் கதிர்வீசும் வடிவில் சில விநாடிகள் மட்டும் கொடுத்தார்கள். உடனே நிறுத்தி, டி.என்.ஏ.-யைப் பிரித்தெடுத்து அளந்தார்கள். புதிதாகக் கட்டிய டி.என்.ஏ. நீளமான இழையாக இல்லை, ஆயிரம் இரண்டாயிரம் எழுத்து நீளமான துண்டுகளாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் அதே கதிர்வீச்சு நீளமான இழைக்குள் போயிருந்தது. ஒட்டுகிற நொதியமான லிகேஸ் பழுதானால் துண்டுகள் துண்டுகளாகவே குவிந்து கிடந்தன. 1968 அளவில் கேள்வி தீர்ந்தது. எங்களைப் போன்ற கருவுள்ள கலங்களில் இந்தத் துண்டுகள் இன்னும் சின்னவை, நூறு இருநூறு எழுத்துத்தான்.

ரெய்ஜி ஹிரோசிமாவில் பிறந்தவர். 1945 ஓகஸ்ட்டில் அவருக்கு 14 வயது. 1975 இல், 44 வயதில், இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். டி.என்.ஏ. எப்படிப் பிழையில்லாமல் பிரதியாகிறது என்று தேடிய மனிதரின் டி.என்.ஏ.-யிலேயே அந்தக் குண்டின் கதிர்வீச்சு கைவைத்திருந்தது. சுனெகோ இரண்டு பிள்ளைகளோடு ஆய்வைத் தொடர்ந்தார், துண்டுகளின் தலையில் ஒட்டியிருக்கும் ஆர்.என்.ஏ. பிரைமரின் விவரத்தை முழுமையாக வெளியே கொண்டுவந்தார். 2021 இல் ஜப்பான் அரசின் பண்பாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. பாடப்புத்தகத்தில் ‘ஒகசாகித் துண்டுகள்’ என்று வாசிக்கிற பிள்ளைகள் அது ஓர் ஆளின் பெயர் என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டு ஆள். வகுப்பில் பெண்பிள்ளைகளைப் பார்த்து இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதுண்டு.

இனி ‘ஏன்’. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர வருகிற நியூக்கிளியோரைட்டு, அதாவது ஓர் எழுத்து, வெறுங்கையோடு வருவதில்லை. தன் ஐந்து பிரைம் பக்கத்தில் மூன்று பொஸ்பேற்றைச் சுமந்துகொண்டு வருகிறது. வளர்கிற இழையின் நுனியில் இருக்கும் மூன்று பிரைம் ஐதரொட்சில் அதைப் பிடித்ததும், மூன்றில் இரண்டு பொஸ்பேற்றுக் கழன்று போகும். அதில் வெளிவருகிற சக்தியில்தான் பிணைப்பு உண்டாகிறது. அதாவது சக்தி வருகிறவர் கையில், இழையின் நுனியில் இல்லை.

இப்போது பொலிமரேஸ் ஒரு பிழை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ-க்கு எதிரே சி-யைப் போட்டுவிட்டது. சோடி பொருந்தாததால் நுனி கொஞ்சம் விலகி நிற்கும். பொலிமரேஸ் அப்படியே தயங்கும், அந்த நுனி அதே நொதியத்தின் இன்னொரு மூலைக்கு நழுவும். அங்கே பிழையான எழுத்து வெட்டுப்படும். வெட்டிய பிறகு நுனியில் என்ன மிஞ்சும்? அதற்கு முந்திய நியூக்கிளியோரைட்டின் மூன்று பிரைம் ஐதரொட்சில். அது எப்போதும்போல அடுத்தவரைப் பிடிக்கத் தயாராக நிற்கிறது. அடுத்தவர் தன் சக்தியோடு வருகிறார். வேலை தொடர்கிறது.

பெடியன் கேட்ட மற்ற நொதியத்தைக் கற்பனை செய்வோம். அது ஐந்து பிரைம் முனையில் எழுத்தைச் சேர்க்கவேண்டும். அப்படியானால் மூன்று பொஸ்பேற்று இழையின் நுனியில் இருக்கும், அடுத்து வருகிறவரைப் பிடிக்கச் சக்தி கொடுக்கவேண்டியது நுனிதான். பிழை இல்லாதவரை அதுவும் ஓடும். ஒரு பிழை வந்து, அந்த எழுத்தை வெட்டிப் பாருங்கள். வெட்டிய எழுத்தோடு அதன் மூன்று பொஸ்பேற்றும் போய்விடும். மிஞ்சுகிற நுனியில் ஒற்றைப் பொஸ்பேற்றுத்தான், சக்தி கிடையாது. அடுத்தவர் வந்து நின்றாலும் பிணைப்பு உண்டாகாது. இழை அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

எதிர்த்திசையில் கட்டுகிற நொதியத்துக்குப் பிழை திருத்தினால் வேலை நிற்கும், வேலை நிற்காமல் இருக்கவேண்டுமென்றால் பிழையை விட்டுவிடவேண்டும். பின்தங்கும் இழையில் நடக்கிற வெட்டு, ஒட்டு, பிரைமர் எல்லாம் அழித்து எழுதும் வசதிக்குக் கலம் கொடுக்கிற விலை. இப்படித்தான் பரிணாமத்தில் இந்தத் திசை நிலைத்திருக்கவேண்டும் என்பது உயிரியலாளர் பலர் ஏற்கிற விளக்கம்.

அந்த விலை பெறுமதியானதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் கலம் ஒவ்வொன்றிலும், தாய் வழியும் தகப்பன் வழியும் சேர்த்து, ஏறத்தாழ 600 கோடிச் சோடி. பொலிமரேஸ் சோடி பார்த்துப் போடுவதில் மட்டும் லட்சத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் வரும். அப்படியே விட்டால் ஒவ்வொரு மகட்கலத்துக்கும் 60,000 பிழை. நுனியை வெட்டித் திருத்துகிற வேலை அதை நூறில் ஒன்றாக்குகிறது, 600. அதன் பிறகு இன்னொரு கூட்டம் வருகிறது. பொலிமரேஸ் கடந்து போன இழையைத் தடவிப் பார்த்து, பொருந்தாத சோடியைக் கண்டால் புது இழைப் பக்கத்தை மட்டும் வெட்டி நிரப்புகிறவர்கள். பழையது எது, புதியது எது என்று தெரியாவிட்டால் சரியானதையே வெட்டிவிடலாம் அல்லவா? ஈ. கோலை தன் பழைய இழையில் சில இடங்களில் மெதைல் குறி வைத்திருக்கிறது, புது இழைக்குக் குறி விழக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளிக்குள் திருத்தம் நடந்துவிடும். இதைப் பிரித்துக் காட்டியவர் போல் மொட்ரிச். டி.என்.ஏ.-யைப் பழுதுபார்க்கும் வேறு வழிகளைக் காட்டிய தோமஸ் லிண்டால், அசிஸ் சங்காரோடு அவருக்கு 2015 இல் வேதியியல் நோபல். இந்தக் கூட்டமும் கைவைத்த பிறகு மிஞ்சுகிற பிழை ஒரு சில. இந்தத் திருத்தத்துக்குரிய பரம்பரையலகு பிறவியிலேயே பழுதான குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே வருவதைப் பார்த்தால், அந்த 600-க்கும் ஒரு சிலவுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று விளங்கும்.

பிரைமர் ஏன் என்பதற்கும் இதே பதில்தான். பிள்ளைகள் இதை இன்னொரு தனிச் சனியனாக நினைக்கிறார்கள். கடைசிச் சோடி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தைப் போடுவேன் என்கிற நொதியம், பார்க்க ஒரு சோடியும் இல்லாத வெறும் இடத்தில் எப்படித் தொடங்கும்? தொடங்காது. அதனால் தொடக்கத்தைப் பிரைமேஸ் என்ற வேறொருவர் செய்கிறார். அவருக்குத் திருத்தும் பழக்கம் இல்லை, பிழை கூட. ஆனால் அவர் எழுதுவது ஆர்.என்.ஏ.-யில். எது தற்காலிகம் என்று அதிலேயே தெரியும். பிறகு அந்த ஆர்.என்.ஏ.-யை அகற்றி, பின்னால் வருகிற துண்டின் நுனியில் இருந்து டி.என்.ஏ.-யால் நிரப்பி, லிகேஸ் மூடிவிடுகிறது. அவசரத்தில் எழுதியது ஒன்றும் இறுதிப் பிரதியில் தங்குவதில்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

படத்தைப் பற்றியும் ஒரு முறைப்பாடு. பாடப்புத்தகப் படத்தில் இரண்டு பொலிமரேசும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரெதிரே நடந்துபோகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே கூட்டாகப் பிணைந்து கவட்டோடு சேர்ந்தே நகர்கின்றன. பின்தங்கும் இழைதான் வளைந்து தடமாக, ஒரு கயிற்று வளையம்போல, தொங்கும், துண்டு வளர வளரத் தடம் பெருக்கும், துண்டு முடிந்ததும் விட்டுவிடும், அடுத்த தடம் தொடங்கும். பெயர் பின்தங்கும் இழையானாலும் அது அவ்வளவாகப் பின்தங்குவதில்லை. பின்தங்குகிறாய் என்று அடிவாங்குகிற பிள்ளைக்கு இதையும் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

எங்கள் கலங்களில் வேகம் பற்றீரியாவைவிட மிகக் குறைவு, விநாடிக்கு ஐம்பது எழுத்து அளவில். முதலாம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 25 கோடிச் சோடி. ஒரு நுனியில் தொடங்கி மறுநுனி வரை போனால் இரண்டு மாதம் பிடிக்கும். அதனால் ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்கி எட்டு மணித்தியாலம் போல முடித்துவிடுகிறது. ஈ. கோலைக்குத் தொடங்குமிடம் ஒன்றுதான், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடும். 46 லட்சம் சோடியை நாற்பது நிமிடத்தில் முடிக்கிறது, ஆனால் நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கொருமுறை பிரிகிறது. கணக்கு உதைக்கிறதா? ஒரு பிரதி முடியமுன் அடுத்த பிரதியைத் தொடங்கிவிடுகிறது. பேத்திக்குரிய பிரதி அம்மம்மாவின் காலத்திலேயே தொடங்கியாகிவிட்டது.

டி.என்.ஏ.-யை ஆய்வுகூடத்தில் பெருக்கும் பி.சி.ஆர். பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தச் சொல் தெரியாதவர் திருமலையில் இல்லை. அங்கே பின்தங்கும் இழையே கிடையாது. 95 பாகை வரை சூடாக்கி இரண்டு இழையையும் முழுதாகப் பிரித்துவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரைமரை நாங்களே போடுகிறோம். இரண்டையும் தனித்தனியாக நேராகவே கட்டலாம். கவடே இல்லாதபோது கவட்டுப் பிரச்சினையும் இல்லை. சூடுதான் பிரச்சினை. கெரி முல்லிஸ் 1983 இல் இந்த யோசனையைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் சூட்டில் பொலிமரேஸ் செத்துப்போக, புதிதாக ஊற்றவேண்டியிருந்தது.

விடை ஒரு வெந்நீரூற்றில் இருந்தது. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளித்த பிள்ளைகளுக்கு வெந்நீரூற்று என்றால் மேலுக்கு இதமான சூடு. அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில் கை வைத்தால் வெந்துபோகும். அந்தத் தண்ணீரில் தோமஸ் புரொக்கும், அப்போது இளங்கலை மாணவராக இருந்த ஹட்சன் ஃபிறீசும் 1960-களில் ஒரு பற்றீரியாவைக் கண்டார்கள். 70 பாகையில் சுகமாக வளர்கிற அதற்குத் தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்று 1969 இல் பெயர் வைத்தார்கள். அதன் பொலிமரேஸ் பி.சி.ஆர். சூட்டைத் தாங்கியது. பெயர் ராக். உலகமே அதை வைத்து ஓடியது.

அந்த ராக்குக்கு ஒரு குறை உண்டு, அது எங்கள் கதைக்கு நேரே பொருந்துகிறது. அதற்கு நுனியை வெட்டித் திருத்தும் பகுதி வேலை செய்வதில்லை. திசை சரி, அழிக்கத் தெரியாது. நோய்க்கிருமி இருக்கா இல்லையா என்று பார்க்க அது போதும். எழுத்துப் பிசகாமல் பிரதி வேண்டுமென்றால் பைரோகொக்கஸ் போன்ற இன்னும் சூடான இடத்து உயிரிகளின், திருத்தத் தெரிந்த பொலிமரேசுகளைத்தான் ஆய்வுகூடங்கள் வாங்குகின்றன.

கடைசியாக, இந்த விலையில் இன்னும் கட்டி முடியாத ஒரு பாக்கி இருக்கிறது. பின்தங்கும் இழை நிறமூர்த்தத்தின் நுனிக்கு வந்ததும், கடைசிப் பிரைமரை அகற்றிய இடத்தை நிரப்ப அதற்குப் பின்னால் வேறு துண்டு கிடையாது. நிரப்பமுடியாது. ஒவ்வொரு பிரதிக்கும் நுனி கொஞ்சம் குறையும். வளையமான டி.என்.ஏ. உள்ள பற்றீரியாவுக்கு இந்தக் கவலை இல்லை. அலெக்சி ஒலோவ்னிகோவ் என்ற ரஷ்யருக்கு மொஸ்கோவில் சுரங்கரயில் நிலையத்தில் நின்றபோது இது உறைத்ததாம். 1971 இல் எழுதினார். வாட்சனும் அடுத்த வருடம் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நுனியில் எங்களுக்கு ரி-ரி-ஏ-ஜி-ஜி-ஜி என்று ஆயிரக்கணக்கான எழுத்துக்கு ஒரே பல்லவி. அதில் குறைந்தால் பரம்பரையலகுக்குச் சேதமில்லை. இதுதான் ரெலோமியர். இதை நீட்டுகிற ரெலோமரேஸ் நொதியத்தை 1984 நத்தார் தினத்தன்று கரோல் கிரைடர் தன் ஆய்வுகூடப் படத்தில் முதலில் கண்டார். எலிசபெத் பிளக்பேர்ன், ஜாக் ஷொஸ்டாக்கோடு அவருக்கு 2009 இல் நோபல்.

உடலின் பெரும்பாலான கலங்களில் ரெலோமரேஸ் அடங்கிக் கிடக்கும். முட்டை, விந்து தரும் கலங்களில் வேலை செய்யும். பெரும்பாலான புற்றுநோய்க் கலங்களும் அதைத் தட்டியெழுப்பி வைத்திருக்கின்றன. அதனால்தான் அவை பிரிந்து பிரிந்தே போகின்றன.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் என் மச்சாள். பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தா, ‘ரெலோமியரை நீட்டி இளமையைத் திருப்பும்’ மாத்திரை, ஒரு போத்தல் விலைக்கு ஒரு மாதத்து மீன்கறி வைக்கலாம். நான் சொன்னேன்: “அண்ணி, இந்த மாத்திரை சொல்லுறபடி வேலை செய்யாட்டி காசு நட்டம். வேலை செய்தா எந்தக் கலத்தில வேலை செய்யும் எண்டு ஆர் பாத்தது? நீட்டக்கூடாத இடத்திலயும் நீட்டும்.” அவ கொஞ்ச நேரம் யோசிச்சா.

“அப்ப முகத்துக்குப் பூசுற கிறீமும் பொய்யோடி?”

அது வேற பாடம் எண்டு சொல்லி அனுப்பிவிட்டேன். பெடியனுக்கு வருகிற சனிக்கிழமை இந்தப் பொஸ்பேற்றுக் கதையைப் பலகையில் போட்டுக் காட்டவேண்டும். கயிறு இன்னும் யன்னற்கம்பியில்தான் கட்டிக் கிடக்கிறது, தகப்பன் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.